இரண்டு குமிழ், ஒரு பிளக்

பீரோ அண்ணனுக்கு, டிவி தம்பிக்கு என்று முடிந்தது. அம்மியை யாரும் கேட்கவில்லை. வீடியோ கேமில்தான் பாகப்பிரிவினை சிக்கிக்கொண்டது.

"பெட்டியை அவளே வச்சுக்கட்டும். திருகற குமிழ் ரெண்டும் எனக்கு வேணும்" என்றாள் மூத்த மருமகள் மரகதம்.

"குமிழை வச்சு என்ன செய்வீங்க, ரசம் வைப்பீங்களா?" என்றாள் இளையவள் வனஜா.

"வைப்பேன். உனக்கு அதுவும் வராதே."

பஞ்சாயத்துக்கு வந்திருந்த தாய்மாமன் நாராயணசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். ஜீவனஹள்ளியின் அந்தச் சந்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

தம்பி பாலகுமார் சண்டே பஜாரில் வாங்கி வந்த பழைய சாமான் அது. டென்னிஸ், ஹாக்கி, வாலிபால் என்று ஒரே கேசட்டில் ஐம்பது ஆட்டமாம். எதைப் போட்டாலும் இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. இதற்காக அவனும் அண்ணன் ஜெயராஜும் மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்திருந்தார்கள். கோட்டை நகர்த்த ஆளுக்கொரு குமிழ். இரண்டு ஒயரும் ஒரே பிளக்கில் போய் முடியும். பிரிக்க வழியில்லை.

அண்ணன் தம்பியைப் பிரிக்க மட்டும் ஒரு கல்யாணப் பத்திரிகை போதுமாக இருந்தது. நாராயணசாமியின் மகள் கல்யாணப் பத்திரிகையில் பாலகுமார் பெயர் இருந்தது, ஜெயராஜ் பெயர் இல்லை. அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்று நாராயணசாமி ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். தம்பிதான் எடுக்கச் சொல்லியிருப்பான் என்றான் ஜெயராஜ். அப்படிச் சொன்னதற்காகவே பாலகுமார் பேச்சை நிறுத்தினான். கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்ப, அடுத்த திங்கட்கிழமைக்கு மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று. செங்கல் ஏறிவிட்டால் அப்புறம் இறங்காது.

கடைசியில் குமிழ்கள் மரகதத்துக்கே போயின. "வச்சுப் பேயோட்டுங்க" என்று வனஜா எறியாத குறையாகக் கொடுத்தாள்.

"பசங்க ரெண்டும் தங்கம்" என்று நாராயணசாமி தெருமுனைவரை சொல்லிக்கொண்டே போனார். "வந்த பொம்பளைங்கதான் குடும்பத்தைக் கெடுத்தது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செங்கல் இறக்க இடம் பார்க்க வந்தார். உள்ளே டொக், டொக் என்று சத்தம்.

ஒயர் குட்டை. அதனால் அண்ணனும் தம்பியும் டிவிக்கு முன்னால் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முகத்தை மட்டும் ஆளுக்கொரு பக்கம் வைத்திருந்தார்கள்.

"பதினாலு, பன்னெண்டு" என்றான் பாலகுமார் சுவரைப் பார்த்து.

"பதிமூணு. பேரைத்தான் விட்டீங்க, பாயிண்டையுமா விடறீங்க?"

பாலகுமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் புள்ளி அவன் கோட்டைத் தாண்டிப் போயிற்று. ஜெயராஜும் சிரித்தான்.

நாராயணசாமி சமையலறைக்குப் போனார். ஓரகத்திகள் இருவரும் ஒரே முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்ட கையோடு பாலகுமார் வந்து அண்ணியிடம் குமிழ் கேட்டானாம். அண்ணன் இல்லாமல் அது தனியாக வராது என்றாளாம் மரகதம்.

அன்றைக்கு அந்தக் கத்து கத்தினீர்களே என்றார் நாராயணசாமி.

"ரசம் நானே யோசிச்சது மாமா" என்றாள் வனஜா. "பேயோட்டறது அக்கா சொல்லிக்கொடுத்தது."

"எதுக்கும்மா இந்தக் கூத்து? நேரா எடுத்துச் சொல்லியிருக்கலாமே?"

மரகதம் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அச்சகத்துல நீங்க கைப்பட எழுதிக்கொடுத்த காகிதத்தை வாங்கிப் பாத்தோம் மாமா. அதுலயே அவர் பேர் இல்ல. அதைக் காட்டினா சண்டை உங்க வீட்டுக்கு வந்துடும்னுதான், நாங்க ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம்."