இரு தரப்பும் கேட்ட ஆட்டக்காரன்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்த கஸ்பாரும் கூட்டாளி யேசுரட்ணமும் மூன்று வருடமாகப் பட்மின்ரன் இரட்டையர் கோப்பையை வென்றவர்கள். அப்போதெல்லாம் கஸ்பார் எந்த நாட்டவன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

1947இல் இந்திய அணி கொழும்புக்கு வருகிறது என்றதும், இலங்கை அணிக்கு யேசுரட்ணத்தை மட்டும் எடுத்தார்கள்.

"உம்மட அப்பா தூத்துக்குடி ஆள். நீர் இந்தியன்," என்றார் சங்கச் செயலாளர்.

கஸ்பார் இந்திய அணிக்கு எழுதிப் பார்த்தான். 'தாங்கள் சிலோன்காரர்' என்று மிகப் பணிவாகப் பதில் வந்தது.

போட்டிக்கு முதல் நாள் செயலாளரே வீடு தேடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே மனசா உம்மட பேரைத்தான் சொல்லுறாங்கள்!"

கஸ்பாருக்குக் கண் கலங்கியது. "நான் ஆருக்கு விளையாடுறது, சேர்?"

"விளையாடுறதோ? நடுவரா இருக்கத்தான் கேக்கிறம். எந்த நாட்டையும் சேராத ஆள் நீர் ஒருத்தர்தானே!"