ஆறாம் தீவில் ஒரு வாரம்

"போகும்போது ரெண்டு பேர், வரும்போது மூணு பேரா? இந்த வயசுல என்னம்மா பிளான் இது!"

கண்ணைச் சிமிட்டியபடி படகுச் சீட்டுகளை மேசையில் வைத்தாள் சுற்றுலா அலுவலகத்துப் பெண். கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் ஆரம்பித்தால் ஆபீஸ் மூடும்போதுதான் ஓய்வாள்.

எதிரில் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. "ஒரு இடம் கூடுதலா இருக்கட்டும்மா," என்றார் டிரைவர். டூட்டி முடிந்து நேரே வந்திருந்தார், காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அதுவும் சரிதான். சங்கு, சிப்பின்னு மூட்டை கட்டிக்கிட்டுத்தான் எல்லாரும் திரும்பி வர்றாங்க!"

போன வாரம் இதே மேசையில் வரைபடத்தை விரித்துவைத்து, இரண்டு பேரும் அவள் உயிரை வாங்கியிருந்தார்கள். ஏழு தீவு இருக்க, ஆறாம் தீவுதான் வேண்டுமாம். அதிலும் கிழக்குக் கரையில்தான் கூடாரம் போட வேண்டுமாம்.

"சொன்னாக் கேளுங்க சார். மேற்குக் கரையில தென்னந்தோப்பு இருக்கு, பவளப்பாறை இருக்கு. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டே கலர் கலரா மீன் பார்க்கலாம். கிழக்குக் கரையில என்ன இருக்கு? பாறையும் அலையும்தான். கடல்ல மிதக்கிற குப்பையெல்லாம் அங்கதான் வந்து ஒதுங்கும்," என்று ரேடியோ தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள்.

"அங்கயே போடும்மா," என்றார் டிரைவர்.

விண்ணப்பத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் பேனா நின்றுவிட்டது. "விடுமுறைன்னு எழுதுங்க சார். வேற எதை எழுதினாலும் பைல் மேலிடத்துக்குப் போய் மூணு மாசம் தூங்கும்," என்று ரேடியோதான் வழி சொல்லிக்கொடுத்தாள். அவரும் அப்படியே எழுதினார்.

இன்று எல்லாம் தயார். கூடாரத்தை இங்கேயே வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. கொண்டுபோகும் சாமான்களை டிரைவரின் மனைவி ஒரு காகிதத்தில் எழுதி வந்து, ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தாள். டார்ச் லைட், கயிறு, குளுக்கோஸ், காயத்துக்கு மருந்து, விசில்.

"விசிலா? அங்க போயும் சார் பஸ் விடப்போறாரா?"

இதற்கும் யாரும் சிரிக்கவில்லை. சரியான உம்மணாமூஞ்சி ஜோடி என்று ரேடியோ நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் அவளிடம் ஒரு நல்ல சேதி இருந்தது. அதைச் சொன்னால் எந்த மூஞ்சியும் மலர்ந்துவிடும்.

"கல்யாணமான புது ஜோடி ஒண்ணு கடைசி நேரத்துல வரலைன்னுட்டாங்க. அவங்களோட மேற்குக் கரை இடத்தை உங்க பேருக்கு மாத்திட்டேன்! கூடுதலா ஒரு பைசா தர வேண்டாம். முதலாளிகிட்ட சண்டை போட்டு வாங்கினேனாக்கும்!"

விலை குறைவு என்பதால்தான் இவர்கள் குப்பைக் கரையைக் கேட்கிறார்கள், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கேட்டுவிட்டுச் செய்யலாம் என்கிற நிதானமும் கிடையாது.

டிரைவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேண்டாம்மா. பழையபடி கிழக்குக் கரைக்கே போட்டுடு."

"என்ன சார் நீங்க, சும்மா கிடைக்கிறதைப் போய்..."

"மாத்துன்னா மாத்து!"

பக்கத்து மேசைக்காரர் எழுந்தே விட்டார். ரேடியோ பயந்துபோய்ப் படகுக்காரருக்குப் போன் போட்டாள். பேசப் பேச அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "கரையேத்திட்டீங்களா? அண்ணே, ஒரே ஒரு நடை... ரெண்டே ரெண்டு பேர்தான்... சரிண்ணே."

போனை வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கிழக்குக் கரைக்கு நாளைக்குத்தான் கடைசிப் படகா இருந்துச்சு. உங்களைத் தவிர வேற ஆள் இல்லை. நான் உங்க சீட்டை ரத்து பண்ணினதும் படகைக் கரையேத்திட்டாராம். இன்னிக்குக் காலையிலேயே காத்து திரும்பிடுச்சு. இனிமே நாலு மாசத்துக்கு அந்தப் பக்கம் யாருமே போக மாட்டாங்களாம்."

"மேற்குக் கரையில இறங்கி நடந்து போயிடறோம்."

"முடியாது சார். நடுவுல பூரா சதுப்புக் காடு, முதலை கிடக்கு. உள்ள விடவே மாட்டாங்க."

"நாலு மாசம்னா..." என்று ஆரம்பித்த டிரைவர் கையிலிருந்த சீட்டை மேசைமேல் வைத்துவிட்டார். அவர் மனைவி இருந்த இடத்திலேயே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

ரேடியோவுக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னை மன்னிச்சிடுங்கம்மா. நல்லது பண்றதா நினைச்சுத்தான் பண்ணினேன். அப்படி என்னதான் இருக்கு அந்தக் கரையில?"

சொல்லாதே என்று டிரைவர் மனைவியின் கையை அழுத்தினார். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் முதல் தடவையாக ரேடியோவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க பையன் போன படகு அங்கதாம்மா ஒதுங்கிச்சு, அவனைத்தான் இன்னும் காணோம்."