மாடி வீட்டு ஆலிமா

பதினோரு வருடமாகப் பெண்களுக்கு இஸ்லாமிய மார்க்கம் சொல்லித்தரும் ஆலிமாவின் கூடத்தில் அன்று மூன்றே பேர். அதில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்களின் செருப்பெல்லாம் மாடிப்படியில் கிடந்தன. மாடி வீட்டுக்குப் புதிதாக ஓர் ஆலிமா குடிவந்திருந்தாள்.

சீக்கிரமே வகுப்பை முடித்த கீழ்வீட்டு ஆலிமா, மாடிக்குக் கிளம்பிய நாத்தனாரை வாசலில் மடக்கினாள்.

“நீயுமா? அப்படி என்னத்தைக் கண்டீங்க அவகிட்ட?”

“தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாங்க அண்ணி.”

“இதுக்கு ஒரு வகுப்பா? அதை நம்ம வீட்டுப் பூனைகூடச் சொல்லுமே!”

“தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு மறுநாள் சொல்லிடறாங்க.”

“அந்தத் தெரிஞ்சவ யாரு? எங்க ஓதினவ? மார்க்கத்தை யார்கிட்ட எடுத்துக்கறோம்னு விசாரிக்க வேணாமா? சும்மா தலையாட்டுவீங்களா?”

நாத்தனார் துப்பட்டா நுனியைத் திருகினாள்.

“உங்ககிட்டதான் அண்ணி. சமைக்கறப்ப நான் கேட்பேனே சந்தேகம், அதெல்லாம் அவங்களோடது. ‘உங்க அண்ணி நல்லா ஓதினவங்க, நம்பிக் கேட்கலாம்’னு அனுப்புவாங்க. நேர்ல வந்தா நீங்க முறைக்கறீங்களாம்.”

ஆலிமாவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. சிரிப்புக்கூட வந்துவிட்டது. அடுத்த நொடி முகம் வெளிறியது.

“நேத்துக் கேட்டியே, பயணத்துல விட்ட தொழுகையைப் பத்தி... அதையும் சொல்லிட்டியா?”

“காலைலயே சொல்லிட்டேன். இப்ப வகுப்புல எல்லாருக்கும் சொல்லப்போறாங்க.”

“ஐயோ, அது நான் குத்துமதிப்பாச் சொன்னதுடி!”

நாத்தனாரை இடித்துத் தள்ளிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள் ஆலிமா.