மெல்லத் தொட்டால் புல்லாங்குழல்

பாளையங்கோட்டையில் முத்துராணி தன் வீட்டில் கீபோர்டு வகுப்பு எடுக்கிறாள். மெல்லத் தொட்டால் புல்லாங்குழல், ஓங்கி அடித்தால் டிரம்பெட் என்று ஒலிக்கும்படி கீபோர்டை அமைத்துக் கொடுத்தவர் அவள் புருஷன் காசிலிங்கம்.

"பிள்ளையள் ஓங்கி இடிச்சா ஒடனே தெரிஞ்சிரும்லா" என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவள் கோபத்தில் இருக்கிறாளா என்று தெருவிலிருந்தே தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. அது தெருமுனை டீக்கடை முப்பிடாதிக்கு மட்டுமே தெரியும்.

அன்று நாங்குநேரியில் கொழுந்தியாள் மகளுக்குக் காது குத்து. கோர்ட்டில் வேலை என்று முத்துராணியைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டு, காசிலிங்கம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார். கூட வந்தவன் இவர் அருவியில் நிற்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியிருப்பாள் என்று, சமாதானத்துக்குக் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு டீக்கடையில் நின்று காதைத் தீட்டினார். வீட்டிலிருந்து புல்லாங்குழல் குழைந்து வந்தது.

"அவ இன்னும் படத்தப் பாக்கல போலுக்கு."

"அப்ப அல்வாவ எதுக்கு வே வீணாக்கணும்? பிரியும்" என்றார் முப்பிடாதி.

இருவரும் இலையை வழித்துத் தின்றார்கள்.

காசிலிங்கம் விசிலடித்தபடி வீட்டுக்குள் நுழைந்தார். முத்துராணி அம்மி கொத்துவதுபோல் கீபோர்டை அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் புல்லாங்குழல் இனிமையாக ஒலித்தது.

"மாத்தி வச்சிட்டேன். இனி ஓங்கி அடிச்சாதான் புல்லாங்குழல்" என்றாள். "ஒங்க வெவரத்த முப்பிடாதி அண்ணாச்சி போன வாரமே சொல்லிட்டாவ."

காசிலிங்கம் வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பேச வேண்டாம். மொதல்ல வாயத் தொடைங்க. அல்வா நெய் மினுங்குது."