மூன்றாவது ரிங்

இரண்டு ரிங்குகள் பைக் எஞ்சினின் சிலிண்டருக்குள் போய்விட்டன. மூன்றாவது அடம் பிடித்தது.

அவள் மூச்சை நிறுத்தினாள்.

போர்டிகோவில் காற்றும் நின்றது. எதிர்வீட்டு வேப்பமரம் ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. மாவட்டம் முழுக்கப் பேருந்துகள் ஓரங்கட்டிக் காத்திருந்தன என்றே சொல்லலாம்.

ரிங் வார்ப்பிரும்பு. கொஞ்சம் விரித்தால் வளையும். இன்னும் கொஞ்சம் விரித்தால் அப்பளம்.

பிஸ்டனைச் சுற்றியிருந்த அந்த மெல்லிய வளையத்தை இரண்டு கட்டைவிரல் நகங்களாலும் அமுக்கினாள்.

ஒவ்வொரு ரிங்குக்கும் ஒரு வாய் உண்டு. வெட்டு விட்ட இடம். போன தடவை மூன்று வாய்களையும் ஒரே நேராக வைத்துவிட்டாள். தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மடிப்பின்மேல் மடிப்பு உட்கார்ந்தால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

அந்த நேர்வழியில் ஆயில் ஏறி வந்து எரிந்தது.

அன்று கிளம்பிய புகையில் தெருக் கொசுவெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த தாலுகாவுக்குப் போயிற்று. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டிகள் கறுத்து, தெருவே சபரிமலைக்கு மாலை போட்டதுபோல் நின்றது.

அவற்றில் பாதி அவள் கணவர் தணிகாசலத்தின் வேட்டிகள். அன்றே அவர் கெடு வைத்தார்.

“இன்னொரு தடவ பிரிச்சு மாட்டிக்கோ. அப்பவும் பொகைஞ்சா வண்டி பழைய இரும்புக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

சரி என்றாள். சந்தைக்கும் சினிமாவுக்கும் யாரையும் கேட்காமல் அவள் போய்வந்த பைக் அது.

இன்று மூன்று வாய்களும் மூன்று பக்கம். பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி.

நகத்தை இன்னும் ஒரு நூல் அமுக்கினாள்.

க்ளக்.

உள்ளே.

அவள் சிரித்த சிரிப்பு ரயிலடி வரை கேட்டிருக்கும்.



மற்றதெல்லாம் மாட்டி முடிக்க மாலையாகிவிட்டது.

பழைய இரும்பு வாங்கும் மரியதாஸ் அதற்குள் வந்து நின்றார். வரச் சொன்னவர் தணிகாசலம்தான்.

உதைத்தாள். உதைத்தாள்.

அடுத்த உதையில் எஞ்சின் பிடித்தது.

சைலன்சரிலிருந்து புகை வந்தது.

நீலப் புகை.

“போச்சா!” என்றார் தணிகாசலம். குரலில் அப்படி ஒரு தித்திப்பு.

மரியதாஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டியின் பின்கம்பியைப் பிடித்தார்.

அவள் ஒரு விரலை மட்டும் தூக்கினாள்.

“இருங்க. மாட்டும்போது தடவுன ஆயிலு. அது எரிஞ்சு தீரட்டும்.”

புகை மெலிந்தது.

நூலாயிற்று.

அப்புறம் நூலும் இல்லை.

தணிகாசலம் நம்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து சைலன்சர் வாயில் காட்டினார். புரட்டிப் பார்த்தார். மறுபடி காட்டினார். கல்யாணத்தன்றுகூட அவர் அத்தனை வெள்ளையாக ஒரு துண்டு போட்டதில்லை.

“இனிமே துணிக்கு சோப்பு எதுக்கு சார்? இங்க கொண்டாந்து காட்டுனாப் போதும் போல” என்றார் மரியதாஸ்.

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் ஆக்சிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினாள். தேவையே இல்லை. சும்மா, அவருக்காக.

மரியதாஸ் பின்கம்பியிலிருந்து கையை எடுத்தார். தலையைச் சொறிந்தார். கேட்டுக்கு வெளியே சாய்ந்து நின்ற தன்னுடைய பைக்கைத் திரும்பிப் பார்த்தார்.

“டீச்சர்… நம்ம வண்டியும் ரொம்ப நாளாப் பொகையுது.”

அவள் கணவரைப் பார்த்தாள்.

அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். மரியதாஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, அந்த வண்டியைப் பின்னாலிருந்து உள்ளே தள்ளத் தொடங்கினார்.

“பாத்து. படி இருக்கு” என்றாள் அவள்.