ஐநூறாம் நம்பர் அம்பு

"அம்பு மேல இருந்து கையை எடுங்க. முதல்ல கேட்டதுக்குப் பதில். குறட்டை விடுவீங்களா?"

வில் கடைக்காரர் கேட்ட கேள்வியில் கடிகாரக்காரருக்கு வேர்த்துவிட்டது. பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு கடிகார ரிப்பேர் கடை வைத்திருக்கும் சாதுவான மனிதர் அவர்.

"எப்பவாவது... மல்லாந்து படுத்தா," என்றார்.

"நினைச்சேன்."

பெண் கேட்டு வந்தவரை எந்த வீட்டிலும் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். இங்கே நிற்க வைத்து, முன்னால் ஆறு கார்பன் அம்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார் கடைக்காரர். சரிதான் போய்யா என்று திரும்பிப் போகவும் முடியாது. "வீட்டுச் சம்மதம் இல்லாம நான் படி தாண்ட மாட்டேன்" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். அந்தச் சம்மதம்தான் இப்போது முறுக்கு மீசையும் கையில் வில்லுமாக எதிரே நின்றுகொண்டிருந்தது.

"இங்க பாருங்க. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரே ஒரு உயிர். கண்ட ஆளுக்கும் கட்டிக் கொடுத்துட்டு நான் கண்ணைக் கசக்கிட்டு நிக்க முடியாது. காலையில எழுந்தா எனக்கு யாரு டீ போட்டுக் கொடுப்பா?"

"வேணும்னா நான் வந்து போட்டுக் கொடுக்கிறேனே."

"ஐஸ் வைக்காதீங்க!"

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். கடைக்காரர் அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"இது பழைய மாதிரி மர வில். நடுவுல அம்பு போக வழி வெட்டியிருக்காது. அம்புதான் வில்லைச் சுத்தி வளைஞ்சு நெளிஞ்சு, அப்புறம் நிமிர்ந்து போகணும். விறைப்பு ஜாஸ்தியா இருந்தா இடது பக்கம் ஓடும். பத்தலைன்னா வலது பக்கம் ஓடும். புருஷனும் அப்படித்தான். ஆறு அம்பும் ஆறு விறைப்பு. விறைப்பு நம்பரை டேப் ஒட்டி மறைச்சிருக்கேன். இந்த வில்லுக்கு எது பொருத்தமோ அதை எடுங்க. எய்யறது நான். எதிர்ல இருக்கிற குறிப்பலகை நடுவுல குத்தினா கல்யாணம்."

"குத்தலைன்னா?"

"வந்த வழி தெரியும்ல?"

கடிகாரக்காரர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"போன மாசம் ஒரு பேங்க் மேனேஜர் வந்தார். முந்நூறாம் நம்பரை எடுத்தார். நம்பர் குறையக் குறைய விறைப்பு கூடும். அதோ, இடது சுவர்ல ஓட்டை. அதுக்கு முன்னாடி ஒரு டிரில் மாஸ்டர். எண்ணூறாம் நம்பர். நாய் வாலை ஆட்டற மாதிரி ஆட்டிக்கிட்டே போய், வலது பக்கம் மாட்டியிருந்த என் கோட்டுல சொருகிக்கிச்சு. இன்னும் அதைத் தைக்கலை."

அத்தனை பெரிய மனிதர்களே மண்ணைக் கவ்விய இடம். கடிகாரக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். கடிகாரச் சுருள் கம்பியைச் சோதிப்பதுபோல ஒவ்வொரு அம்பையும் விரல் நுனியில் வளைத்துப் பார்த்தார். நான்கை ஒதுக்கினார். மிச்சம் இரண்டு. மாற்றி மாற்றி வளைத்தார். கடைசியில் ஒன்றை நீட்டினார்.

கடைக்காரர் நாணை இழுத்தார். வேண்டுமென்றே கோணலாக எய்துவிட்டு ஆளைக் கழற்றிவிட்டிருக்கலாம். ஆனால் குறி தப்பினார் என்று ஊரில் ஒரு பேச்சு வந்துவிட்டால், அப்புறம் அந்த வில்லை அடுப்பில்தான் வைக்க வேண்டும். மூச்சடக்கி நேராகவே விட்டார்.

அம்பு நடுவிலிருந்து இரண்டு சாண் இடது பக்கமாகக் குத்தி நின்றது.

கடைக்காரர் ஓடிப்போய் டேப்பைக் கிழித்தார். லாட்டரி விழுந்தவர் மாதிரி அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். "ஐநூறு! விறைப்பு ஜாஸ்தி! என் வில்லுக்கு அறுநூறு. பாவம், பக்கத்துல வந்து கோட்டை விட்டுட்டீங்களே. சரி, போயிட்டு வாங்க."

கதவுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. அந்தப் பெருமூச்சுதான் கடிகாரக்காரரை நகர விடவில்லை.

"அம்பு அதே இருக்கட்டும். முனையை மட்டும் மாத்திப் பார்க்கலாமா? அந்த டப்பாவுல பித்தளை முனை ஒண்ணு கிடக்குதே, நல்ல கனமா..."

"எதுக்கு?"

"தலையில பாரம் ஏறினா எப்பேர்ப்பட்ட விறைப்பும் வளைஞ்சு கொடுக்கும்ங்க. குடும்பம் நடத்தினவனுக்கு இது தெரியாதா?"

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கடைக்காரரே வாய் வலிக்கச் சொல்லும் சேதிதான் அது. இல்லையென்று எப்படிச் சொல்வது? முணுமுணுத்துக்கொண்டே பழைய முனையைக் கழற்றிவிட்டுப் பித்தளையைத் திருகினார். நாணை இழுத்தார்.

சதக்.

நட்ட நடு. நூல் பிடித்தாற்போல.

கடைக்காரர் வில்லைத் தாழ்த்தினார். நாணைக் கழற்றினார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"கூட்டிட்டுப் போங்க. ஆனா ஞாயித்துக்கிழமையானா இங்க அனுப்பிடணும்."

"கண்டிப்பா."

"பனியில தனியா வெளிய விடக் கூடாது."

"விடவே மாட்டேன்."

"அப்புறம் இன்னொண்ணு," என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஐம்பத்திரண்டு வயசு ஆயிடுச்சு. எங்கம்மாவைக் கட்டிக்கிட்டீங்கங்கிறதுக்காக, கடைக்கு வர்றவங்க முன்னாடி உங்களை அப்பான்னு கூப்பிடச் சொல்லி அடம்பிடிக்கக் கூடாது."