கிட்னி வாசலில் உட்கார்ந்தவன்

ஓர் உடம்பில் வேறொருவருடைய கிட்னியை வைத்துத் தைத்தார்கள். அந்த உடம்பின் ரத்தத்தில் காவல் சுற்றும் அடிதடி அணு கையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தது. அதற்கு மூளையெல்லாம் கிடையாது, கை மட்டும்தான்.

"யார்றா நீ? எந்த ஊரு?"

கிட்னி நடுங்கியது. நடுங்கிக்கொண்டே ரத்தத்தைச் சுத்தம் செய்தது.

அடக்கும் அணு என்று ஒன்று உண்டு. மற்ற அணுக்கள் ரொம்ப ஆடினால் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. அது குறுக்கே வந்து நின்றது.

"அடிக்காதடா. இது செத்தா நாமளும் சேர்ந்து சாவோம்."

"வெளியாளுக்குப் பரிஞ்சு பேசுறியா? துரோகி!"

"ஆமா, துரோகிதான். போய்த் தொலை."

காலையில் சொன்னது அடிதடிக்கு மத்தியானம் மறந்துவிடும். மறுபடியும் கையை ஓங்கிக்கொண்டு வரும். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிய அடக்கும் அணு, கடைசியில் கிட்னி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது.

ஒருநாள் ஒரு கிருமி நுழைந்து கிட்னியைக் கடித்தது. கிட்னி அலறியது. அடிதடியோ கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

"ஏண்டா சும்மா நிக்கிற?"

"வெளியாளை அடிக்காதேன்னு காலையில நீதானே சொன்ன?"

"கிட்னியை அடிக்காதேன்னுதான்டா சொன்னேன்! அந்தக் கிருமியை அடிடா!"

அடிதடி ஒரே அடியில் கிருமியை முடித்தது. கிட்னிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரொம்ப நன்றிண்ணே."

அடிதடி அதை உற்றுப் பார்த்தது.

"யார்றா நீ? எந்த ஊரு?"

அடக்கும் அணு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறுபடியும் குறுக்கே வந்து நின்றது.